ஆறாம் மேஜைக்குத் தெரியும் ஜன்னல்

பக்கத்து அறையிலிருந்து திடீரென்று குலவைச் சத்தம் கிளம்பியது.

ஒற்றைக் குரலாகத் தொடங்கி ஏழெட்டுக் குரலாகப் பெருகி, ஓட்டுக் கூரையில் முட்டி, அந்தச் சின்ன வீடு முழுக்க நிறைந்தது. கனகா பதறிப்போய் ஹெட்செட்டின் மைக்கை உள்ளங்கையால் பொத்தினாள். பொத்தி என்ன பிரயோஜனம்? போக வேண்டியது போய்விட்டது.

“அது என்ன சத்தம் கனகா?” என்றது காதுக்குள் இருந்த பெண்குரல்.

கனகாவின் கண்கள் எதிர்ச் சுவருக்கு ஓடின. அங்கே சோற்றுப்பசை தடவி ஒட்டிய ஒரு பெரிய வண்ணப்படம் இருந்தது. மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் ஒரு தோட்டம். நடுவே ஒரு பேரிக்காய் மரம். மரத்தடியில் மேஜைகள்.

“அதுவா மேடம்... அது ஒரு காட்டுக்குருவி. மழைக்கு முன்னாடி இப்படிக் கத்தும்.”

“குருவியா! இவ்வளவு சத்தமா?”

“கூட்டமா வரும் மேடம். வருஷத்துக்கு ஒரு தரம்தான்.”

“நான் மரத்தடியிலதானே உக்காந்திருக்கேன். போன்லதான் கேட்டுச்சு. வெளியில ஒண்ணும் கேக்கலையே?”

“நீங்க கீழ இருக்கீங்க. நான் மேல ஜன்னல்கிட்ட இருக்கேன்ல? கூரைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கு.”

வைகாசி வெயில் வெளியே தெருவை உருக்கிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே மின்விசிறி சூட்டை வாரி வாரி இறைத்தது. கனகாவின் இரண்டு பாதங்களும் ஒரு பிளாஸ்டிக் பேசினில், கணுக்கால் வரை குளிர்ந்த நீரில் கிடந்தன.

“சரி, இஞ்சி டீ. சர்க்கரை வேண்டாம்,” என்றாள் அந்தப் பெண். பிறகு கொஞ்சம் தயங்கினாள். “கனகா, சனிக்கிழமை நான் கிளம்புறேன். ஞாபகம் இருக்கில்ல? மூணு மாசமா உங்க குரலை மட்டும்தான் கேட்டிருக்கேன். அன்னிக்கு ஒரு தடவை அந்த ஜன்னலை விட்டு இறங்கி வருவீங்களா? உங்க முகத்தைப் பாத்துட்டுப் போகணும்.”

“வாரேன் மேடம்,” என்றாள் கனகா. “கண்டிப்பா இறங்கி வாரேன்.”

போனை வைத்தாள். இறங்கி வருவதாவது! அந்த ஜன்னல் கொடைக்கானலில் இருந்தது. அவள் எழுமலையில், அப்பா வீட்டில் இருந்தாள். அந்த ஜன்னலை மட்டுமல்ல, அந்த மலையையே அவள் வாழ்க்கையில் ஒரு தடவைகூட மிதித்ததில்லை.

கனகாவுக்கு முப்பத்தைந்து வயது. பிறந்தது எழுமலை, வாழ்க்கைப்பட்டது மதுரை காளவாசலுக்கு. கணவன் ராஜபாண்டி மினி பஸ் ஓட்டுகிறான். எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு மகள், இப்போது லீவுக்கு அத்தை வீட்டில். காளவாசல் மாடியொன்றில் இருந்த ஒரு சின்ன நிறுவனத்தில்தான் கனகா முதலில் வேலைக்குச் சேர்ந்தாள். ஊர் ஊராக இருக்கும் ஓட்டல்களுக்கும் விடுதிகளுக்கும் வரும் போன்களை, இங்கே மதுரையில் உட்கார்ந்து எடுத்துப் பேசும் வேலை. பிறகு எல்லோரையும் வீட்டிலிருந்தே பேசச் சொல்லிவிட்டார்கள். கனகாவுக்குக் கிடைத்தது கொடைக்கானலில் இருக்கும் ஒரு தோட்டத்து காபிக் கடை.

அந்தத் தோட்டத்தில் எட்டு மேஜைகள். ஒவ்வொரு மேஜையிலும் எண் எழுதிய ஒரு மரப்பலகை, பக்கத்தில் ஒரு போன் நம்பர். பெங்களூர், சென்னை என்று பல ஊர்களிலிருந்து வந்து, லேப்டாப்பை விரித்து வைத்து நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள், எழுந்து போகாமல் அந்த நம்பருக்குப் போன் செய்து டீ சொல்லுவார்கள். போன் மதுரையில் அடிக்கும். கனகா எடுத்து, தன் லேப்டாப்பில் தட்டுவாள். அடுத்த நிமிடம் அது மலைமேல் சமையலறையில் ஒரு திரையில் வந்து விழும். பத்தடி தூரத்து டீக்கு நூற்றிருபது கிலோமீட்டர் சுற்று!

எங்கே இருந்து பேசுகிறோம் என்று வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாது. அது நிறுவனத்தின் விதி. அந்த விதியை மற்றவர்கள் எல்லாம் வெறும் விதியாகத்தான் வைத்திருந்தார்கள். கனகாதான் அதற்குள் குடியேறிவிட்டாள்.

ஆமாம், குடியேறித்தான் விட்டாள். காலையில் பத்து மணிக்கு ஹெட்செட்டை மாட்டியதும் காளவாசல் மறைந்துவிடும். பஸ்களின் ஹாரன் எங்கோ விழும் அருவியாகிவிடும். சாலையில் எழும் புழுதி மூடுபனியாகிவிடும். ஜன்னலுக்கு வெளியே நிற்பது டயர் கடையில்லை, பேரிக்காய் மரம். “மேடம், ஸ்வெட்டர் போட்டுக்குங்க, பனி இறங்குது பாருங்க,” என்று அவள் சொல்லும்போது அவள் கை ரோமமே சிலிர்த்துக்கொள்ளும். குரல் குளிர்ச்சியாக வர வேண்டும் என்றுதான் அந்தப் பேசின் தண்ணீர். அது நிறுவனம் சொல்லிக் கொடுத்ததில்லை, அவளாகவே கண்டுபிடித்தது.

“மதுரையிலயே உனக்கு மட்டுந்தான்டி குளிருது,” என்று ராஜபாண்டி கேலி செய்வான். “ஒரு நாளைக்கு நெசமாவே பனி பேஞ்சு நம்ம வீட்டு வாசல்ல உறைஞ்சு நிக்கப் போகுது, நான் வண்டிய எடுக்க முடியாம முழிக்கப் போறேன்.”

ஏன் இந்த ஆசை என்றால், அதற்கும் ஒரு கதை உண்டு. பதினொன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலிருந்து கொடைக்கானலுக்கு டூர் போட்டார்கள். கனகா புதுச் செருப்புக்கூட வாங்கி வைத்திருந்தாள். முதல் நாள் சாயங்காலம் அம்மன் கோயிலில் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டும்போது ஊர் எல்லைக்குள் இருப்பவர்கள், எட்டாம் நாள் திருவிழா முடியும்வரை வெளியூரில் ராத்தங்கக் கூடாது. டூர் பஸ் அவளை விட்டுவிட்டுப் போனது. தோழி ஒருத்தி தைல மரத்து இலை நாலைந்து கொண்டுவந்து கொடுத்தாள். அந்த இலைகளைப் பாடப் புத்தகத்துக்குள் வைத்து வைத்து, வாசம் போன பிறகும் கனகா முகர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் கல்யாணம், பிள்ளை, வேலை. மூன்றரை மணி நேரப் பயணம், பதினெட்டு வருடம் தள்ளிப்போய்விட்டது.

அந்த இஞ்சி டீக்காரி பவதாரிணி, மாசி மாதத்தில் அந்தத் தோட்டத்துக்கு வந்தாள். ஆறாம் மேஜை. சொல்லி வைத்தாற்போல் தினமும் மூன்று மணிக்கு ஒரு இஞ்சி டீ, அதோடு சரி. இரண்டாவது வாரம் ஒரு நாள் ஆறாம் மேஜையிலிருந்து போன் வந்தது. கனகா எடுத்தாள். பேச்சே இல்லை. அழுகை மட்டும். வாயைக் கையால் அடைத்துக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல் அழுகிறார்களே, அந்த அழுகை.

கனகாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. படத்தைப் பார்த்தாள். சமையலறைக்கு மேலே, மாடியில், நீலச் சட்டமிட்ட ஒரு சின்ன ஜன்னல். அதிலிருந்து பார்த்தால் ஆறாம் மேஜை நேராகத் தெரியும்.

“அழாதீங்க மேடம்,” என்றாள். “நீங்க தனியா இல்ல. மேல நீல ஜன்னல் இருக்குல்ல? அங்கேயிருந்து நான் உங்களப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

அழுகை நின்றது. நெடுநேரம் கழித்து, “அப்படியா?” என்று ஒரு குரல் வந்தது. ஒரு குழந்தை கேட்பதைப் போல.

அந்த ஒரு வார்த்தைதான் கனகாவைக் கட்டிப்போட்டது. அன்று சாயங்காலம் ஐந்தரைக்கு லேப்டாப்பை மூடும்போது பவதாரிணி போன் செய்து, “கனகா, கிளம்புறேன். கை காட்டுறேன், தெரியுதா?” என்றாள். “தெரியுது மேடம்,” என்றாள் கனகா. அதிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கதையும் வெளியே வந்தது. ஏழு வருடம் கூட வாழ்ந்த கணவன் ஒரு நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். அந்த வீட்டின் சுவர்களைப் பார்க்க முடியாமல்தான் அவள் மலையேறி வந்திருக்கிறாள். “யாரோ ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்காங்கன்னு தெரியுறதே போதும் கனகா. அதனாலதான் தினமும் எழுந்து குளிச்சுத் தலை வாரிட்டு வரேன்,” என்று ஒரு தடவை சொன்னாள்.

அந்த ஜன்னல் பொய் என்று தெரிந்தால் அவள் என்ன ஆவாள்? இதுதான் கனகாவின் நெஞ்சில் இரவும் பகலும் கிடந்து உறுத்திய முள்.

அதனால், பவதாரிணி சனிக்கிழமை கிளம்புகிறாள் என்று தெரிந்த போன வாரமே ஒரு திட்டம் போட்டாள். சனிக்கிழமை விடியுமுன் மதுரையில் பஸ் ஏறி, ஒன்பது மணிக்கெல்லாம் மலைக்குப் போய்விட வேண்டும். சமையலறைக்காரர்களிடம் கெஞ்சி அந்த நீல ஜன்னலில் ஏறி நின்றுவிட வேண்டும். பவதாரிணி அண்ணாந்து பார்க்கும்போது அங்கே ஒரு முகம் இருக்க வேண்டும். மூன்று மாதப் பொய் ஒரே நிமிடத்தில் உண்மையாகிவிடும்!

நடுவில் செவ்வாய்க்கிழமை, தோட்டத்துக்கு வார விடுமுறை. கண் ஆபரேஷன் செய்துகொண்ட அப்பா மலையாண்டிக்குச் சொட்டு மருந்து கொடுத்துவிட்டு மத்தியானமே திரும்பிவிடலாம் என்றுதான் எழுமலைக்கு வந்தாள். சாயங்காலம் காப்பு என்பது அவளுக்குத் தெரியும். சாப்பிட்டுவிட்டு ஐந்து நிமிடம் என்று தலையைச் சாய்த்தாள். கனவில் பனி இறங்கியது. பேரிக்காய் மரம் வெள்ளையாகப் பூத்திருந்தது. அவள் நீல ஜன்னலைத் திறந்து கையை நீட்ட, விரல் நுனியில் மேகம் ஒட்டியது. எங்கோ இடி இடித்தது. விழித்துப் பார்த்தால் அது இடியில்லை, கோயில் கொட்டு. காப்புக் கட்டி முடிந்திருந்தது.

“நல்லாத் தூங்குனடி மகராசி,” என்றாள் அண்ணன் மனைவி மாயக்காள், வாசலில் வேப்பிலை செருகியபடி. “இனி எட்டு நாளைக்கு உன் மாப்பிள்ளை தானே பொங்கித் தின்னட்டும்.”

“என்ன மதினி, எழுப்பக் கூடாதா?”

“எழுப்புனேனே! ‘ஸ்வெட்டர் எடுத்துட்டு வாங்க மேடம்’னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்ட. இந்த வெயில்ல ஸ்வெட்டர் கேக்குறவள எப்படி எழுப்புறது?”

மறுநாள் காலையில் ராஜபாண்டி அவளுடைய லேப்டாப்பையும் ஹெட்செட்டையும், கேட்டாளே என்று அந்தச் சுவர்ப் படத்தையும் பஸ்ஸில் கொடுத்தனுப்பினான்.

அந்த வருடம் முளைப்பாரி வீடாக மலையாண்டியின் வீட்டைத்தான் ஊரார் சொல்லியிருந்தார்கள். பயறும் சோளமும் தூவிய மண்சட்டிகள், முளை பச்சையாகாமல் வெளிர் மஞ்சளாக வளர, வெளிச்சம் படாத உள்ளறையில் வரிசையாக இருந்தன. வேளாவேளைக்குப் பெண்கள் வந்து தண்ணீர் தெளித்துக் குலவை போடுவார்கள். ஆண்கள் எட்டிப் பார்க்கக் கூடாது. வியாழக்கிழமை ஹெட்செட்டுக்குள் புகுந்தது அந்தக் குலவைதான்.

கனகா மனம் தளரவில்லை. ராத்தங்கத்தானே கூடாது? சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்குப் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிட்டால் யார் என்ன சொல்ல முடியும்?

வெள்ளிக்கிழமை வந்தது. மூன்று மணிக்கு ஆறாம் மேஜையிலிருந்து போன் வரவில்லை. மூன்றே காலுக்கு நாலாம் மேஜை காபி கேட்டது. மூன்றரைக்கு முதல் மேஜை தண்ணீர் கேட்டது. ஆறாம் மேஜை பேசவில்லை. கனகா படத்தையே வெறித்தாள். ஆறாம் மேஜையின் மேல் அவள் என்றோ வைத்திருந்த குங்குமப் பொட்டு சிவப்பாக இருந்தது.

நான்கு மணிக்கு வாசலில் ஒரு கார் வந்து நின்றது.

“இது மலையாண்டி ஐயா வீடுங்களா?”

கனகா நிமிர்ந்தாள். முகத்தை அவள் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் குரலை ஆயிரம் குரலுக்கு நடுவிலும் அவளால் பிரித்தெடுக்க முடியும்.

“ஆமா தாயி, உள்ள வாங்க,” என்றார் கறுப்புக் கண்ணாடியோடு வாசலில் உட்கார்ந்திருந்த மலையாண்டி.

வெயிலிலிருந்து உள்ளே வந்தவள் நிலைப்படியில் நின்றாள். ஒல்லியான உருவம், கன்னம் ஒட்டிய முகம், கையில் ஒரு துணிப்பை. கனகா எழுந்து நிற்க வேண்டும் என்றுகூடத் தோன்றாமல், பேசின் தண்ணீரில் காலை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“கனகா?”

“ஆறாம் மேஜை...” என்றாள் கனகா.

பவதாரிணி சுவரைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். பேசினைப் பார்த்தாள்.

“இது எதுக்கு?”

“குரல்... குரல் குளிர்ச்சியா வரணும்னு மேடம்.”

அவள் சிரிக்கவில்லை. மாயக்காள் இழுத்துப் போட்ட நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள்.

“நேத்துச் சாயங்காலம் கை காட்டினதுக்கு அப்புறம், தோட்டத்துல சோலை அண்ணன் இருக்காருல்ல, செடிக்குத் தண்ணி விடுறவர், அவர்கிட்ட அந்தக் குருவியைக் காட்டச் சொன்னேன். எப்படிக் கத்துச்சுன்னு கேட்டார். நாக்கை ஆட்டிக் கத்திக் காமிச்சேன். மனுஷன் சிரிச்சுச் சிரிச்சு அப்படியே தரையில உக்காந்துட்டார். ‘அது குருவி இல்லம்மா, எங்க பக்கத்துக் குலவை. மலையாண்டி மகதானே போன் எடுக்குது, இப்ப எழுமலையில காப்புல மாட்டிக்கிச்சாம்ல’ன்னார். தோட்டத்துல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு கனகா. எனக்கு மட்டும்தான் தெரியல.”

கனகா தலை குனிந்தாள். பேசின் நீரில் அவள் கண்ணீர் சொட்டிச் சின்னச் சின்ன வளையங்கள் எழுந்தன.

“உடனே அந்த மாடிக்கு ஏறிப் போனேன். கதவு திறந்துதான் இருந்துச்சு. உள்ள உருளைக்கிழங்கு மூட்டை. ஜன்னல் வரைக்கும் அடுக்கி வச்சிருக்காங்க. அங்க ஆள் நிக்கவே இடமில்லை.” அவள் குரல் உடைந்தது. “மூணு மாசம்! தினமும் கை காட்டினேனே, யாருக்குக் கனகா காட்டினேன்? உருளைக்கிழங்கு மூட்டைக்கா?”

இந்தக் கேள்விக்குக் கனகாவிடம் பதில் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? பொய் சொன்ன வாய், உண்மையைச் சொல்லக் கூசிக் கிடந்தது.

அப்போதுதான் மாயக்காள், மோர்ச் செம்போடு அடுப்படியிலிருந்து வந்தவள், மூக்கில் விரலை வைத்தாள்.

“ஆத்தாடி! நீதானா தாயி அது? ஏண்டி கனகா, இந்தப் புள்ளைக்குத்தானா?”

“மதினி, சும்மா இருங்க.”

“நான் என்னத்துக்குச் சும்மா இருக்க? ரெண்டு நாளா எங்கள என்ன பாடு படுத்திட்ட!” மாயக்காள் விருந்தாளியின் பக்கம் திரும்பினாள். “தாயி, சாயங்காலம் சரியா அஞ்சரை. போன்ல ரெண்டு வார்த்தை பேசுவா. எந்திரிப்பா. அந்தா அந்தச் சுவத்தப் பாத்துக் கைய ஆட்டுவா. ஆட்டுறான்னா கொஞ்ச நேரமா? கை வலிக்க வலிக்க ஆட்டுவா, கண்ணு கலங்கிப் போயி. காப்புக் கட்டுன வீட்டுல இதென்ன கூத்துன்னு எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு. பேய்தான் புடிச்சிருச்சுன்னு எங்க மாமா கோயில்ல போயி விபூதி வாங்கியாந்தாரு. கேளுங்க அவர!”

“நெத்தி நெறையப் பூசுனேன்,” என்றார் மலையாண்டி வாசலிலிருந்து. “அப்புறமும் ஆட்டுச்சு.”

“அப்புறம் ராஜபாண்டி அண்ணனுக்குப் போனப் போட்டேன். அதுக்கு அந்த அண்ணன் என்ன சொல்லுது தெரியுமா? ‘அட நீ ஒண்ணு தங்கச்சி, இங்க மூணு மாசமா இதான் நடக்குது. நான் குறுக்க வந்தாக்கூட நகரச் சொல்லிட்டுத்தான் ஆட்டுவா, மறைக்குதாம்’னு சொல்லுது!”

மோர்ச் செம்பு பவதாரிணியின் கைக்குப் போனது. அவள் குடிக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு கனகாவைப் பார்த்தாள். ஆண்டவா, அந்தப் பார்வை! கோபமும் அழுகையும் சிரிப்பும் ஒரே கண்ணில் இடம் கேட்டு மோதிக்கொண்ட பார்வை.

“நெசமாவா?”

“மறைச்சா உங்களுக்குத் தெரியாதில்ல...” என்றாள் கனகா. அவ்வளவுதான். விம்மி விம்மி அழுதாள். “அன்னிக்கு நீங்க அழுதீங்க. வேற என்ன சொல்லுறதுன்னு எனக்குத் தெரியல மேடம். கம்பெனி சொல்லல. அந்த ஜன்னல் நானாச் சொன்ன பொய்.”

வெளியே ஒரு ஆட்டுக்குட்டி கத்தியது. மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டே சுற்றியது.

“எங்க அம்மாகிட்ட நான் தினமும் ராத்திரி பேசுறேன்,” என்றாள் பவதாரிணி கடைசியில். “பெங்களூர்ல வீட்டுல இருக்கேன், அவர் பக்கத்து ரூம்ல டிவி பாத்துட்டு இருக்கார்னு. மூணு மாசமா. ‘மாப்பிள்ளைகிட்ட குடு’ம்பாங்க. குளிக்கப் போயிருக்கார்ம்மா, தூங்கிட்டார்ம்மா... உங்களைத் திட்டணும்னுதான் கார் எடுத்துட்டு வந்தேன் கனகா. வழியெல்லாம் திட்டிக்கிட்டேதான் வந்தேன். இன்னும் கோபம் போகல.”

“போக வேண்டாம் மேடம். இருக்கட்டும்.”

“மோரைக் குடி தாயி, கோவம் தானா எறங்கும்,” என்றாள் மாயக்காள்.

பவதாரிணி குடித்தாள். செம்பை வைத்துவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தாள். “அந்தக் குருவி எங்க?”

கனகா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஈரக்கால் தரையில் பதிய, அவளைக் கைப்பிடித்து உள்ளறைக்குக் கூட்டிப் போனாள். செருப்பைக் கழற்றச் சொன்னாள். கதவை ஒரு ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து, நுழைந்ததும் உடனே சாத்தினாள்.

இருட்டு. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஈர மண்ணின் வாசம் வந்தது. பிறகு குளிர்ச்சி. ஓட்டின் ஒரு பிளவு வழியே ஊசிபோல் இறங்கிய வெளிச்சத்தில், நாற்பது சட்டிகளிலும் மூன்று நாள் முளைகள் விரற்கடை உயரத்துக்கு, வெளிர் மஞ்சளாக, தலை குனிந்து நின்றன. தெளித்த நீர் ஒவ்வொரு நுனியிலும் முத்தாக நின்றது. இரண்டு பெண்களும் சுவரோரம் தரையில் உட்கார்ந்தார்கள். மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்டது. வெளியே கொதிக்கும் ஊருக்கும் அந்த அறைக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் இருந்தது. மேகத்துக்குள் உட்கார்ந்தால் இப்படித்தான் இருக்குமோ என்று கனகா நினைத்தாள்.

“இங்க குளிருது,” என்றாள் பவதாரிணி ரகசியம்போல.

“ஆமா மேடம்.”

“மேடம் வேண்டாம்.”

கனகா பக்கத்தில் இருந்த கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்த மாயக்காளிடம், “அக்கா, அந்தக் குருவி ஒரு தடவை கத்துமா?” என்று பவதாரிணி கேட்டாள்.

கேட்க வேண்டுமா மாயக்காளை? குடத்தை இறக்கினாள், முந்தானையைச் செருகினாள், நாக்கைச் சுழற்றினாள். அந்தக் குலவையில் முளைகளின் நுனியில் இருந்த நீர்கூட நடுங்கியதாகக் கனகாவுக்குத் தோன்றியது. பவதாரிணியும் கூடச் சேர்ந்து முயன்றாள். அது குலவையும் இல்லாமல் குருவியும் இல்லாமல் ஏதோ கிழிந்த ஊதல்போல் வந்தது. மூவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது பவதாரிணியின் கன்னம் இரண்டும் நனைந்திருந்தன.

“பொழுது சாயப்போகுது,” என்று மலையாண்டி வாசலிலிருந்து குரல் கொடுத்தார். “அந்தப் புள்ளைய நேரத்தோட அனுப்புங்க. காப்பு ஊருக்குள்ள ஒரு ராத்தங்கிட்டா வெளியூர்க்காரவுகளுக்கும் அதே கட்டுதான். எட்டாம் நாள்தான் போகணும்.”

பவதாரிணி எழுந்திருக்கவில்லை. இருட்டில் முளைகளையே பார்த்தாள்.

“தங்கிட்டா என்ன கனகா? இங்கேயே இருந்துடுறேனே. இது போதும் எனக்கு.”

கனகாவுக்கும் அதுதான் ஆசை. ‘இருங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். திருவிழா முடியும்வரை அந்தக் குரல் இந்த வீட்டிலேயே, கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் நாளைக்கு ராத்திரியும் அந்த அம்மாவுக்குப் போன் போகும். இந்த இருட்டு அறையிலிருந்தே போகும். மாப்பிள்ளை குளிக்கப் போயிருக்கிறார் என்று.

“வேண்டாம், கிளம்புங்க,” என்றாள் கனகா. “நாளைக்கு நேரா உங்க அம்மாகிட்டப் போங்க. இல்லாத ஜன்னல்ல எம்புட்டு நாளைக்கு நிக்கிறது? கால் கடுத்துப் போகும். எனக்குத் தெரியும்ங்க.”

பவதாரிணி அவளைக் கட்டிக்கொண்டாள். முதல் தடவையாக ஒருவர் தோளில் ஒருவர் முகம் வைத்து, அந்த ஈர இருட்டில், இரண்டு பேரும் எவ்வளவு நேரம் நின்றார்களோ. மாயக்காள்கூட அப்போது வாயைத் திறக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசலில் துணிப்பையிலிருந்து எதையோ எடுத்துக் கனகாவின் கையில் வைத்தாள். ஆறு என்று எழுதிய மரப்பலகை. பனியில் நனைந்து நனைந்து ஓரம் கறுத்திருந்தது.

“திருடிட்டு வந்துட்டேன்.”

“ஐயையோ! அங்க யாராவது உக்காந்தா, எந்த மேஜைன்னு எப்படிச் சொல்லுவாங்க?”

“காப்பு முடிஞ்சதும் நீங்களே கொண்டுபோய் வைங்க. வச்சுட்டு அங்க உக்காந்து ஒரு இஞ்சி டீ குடிங்க. அன்னிக்கு மட்டும் போனை வேற யாராவது எடுக்கட்டும்.”

காரில் ஏறினாள். வண்டி திரும்பி, வேப்பிலைத் தோரணம் கட்டிய தெருமுனையை நோக்கி நகர்ந்தது. மலையாண்டி வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்தரை தாண்டி எட்டு நிமிடம். காரின் ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. கனகா பலகையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வலது கையை உயர்த்தினாள். அந்தக் கை இவளைப் பார்த்து அசைந்தது, இவள் கை அதைப் பார்த்து அசைந்தது. வடமேற்கில் நீலமாக மலை தெரிந்தது. அவள் அன்று அதைப் பார்க்கவில்லை. தோரணத்தைத் தாண்டி, எல்லையைத் தாண்டி, புழுதிக்குள் கார் மறையும்வரை கையை இறக்கவே இல்லை.

கோயிலில் கொட்டுச் சத்தம் எழுந்தது.

“போதும்டி ஆட்டுனது, உள்ள வா,” என்றாள் மாயக்காள், முளைப்பாரி அறை வாசலில் நின்றபடி. “சாய்ங்கால வெயில் நேரா உள்ள அடிக்குது பாரு. மொளை பச்சையாயிறப் போகுது.”

கனகா உள்ளே வந்து வாசல் கதவைச் சாத்தினாள்.